வாக்குமூலமும் வழக்குரையும்: பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய ஒரு திறனாய்வு

செய்யுளையும் புனைகதையையும் ஆராய்வதோடு திறனாய்வாளனின் கடமை முடிந்துவிடுவதில்லை. மக்களின் வாழ்வின்மீது ஆட்சி செலுத்தும் சொற்கோவை எதுவாயினும் அது ஆய்வுக்குரியதே. சட்டமும் ஒரு பனுவல். அதற்கும் ஆக்கியோர் உளர். அதனைப் படித்துப் பொருள்கொள்வோர் உளர். அப்பொருள்கோளினால் வாழ்வோரும் வீழ்வோரும் உளர். இலங்கையில் கடந்த நான்கு தசாப்தங்களுக்கு மேலாகத் தமிழ் பேசும் மக்களின் வாழ்வை மிக நெருக்கமாகத் தொட்ட பனுவல் யாதென வினவினால், 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தையே முதற்கண் குறிப்பிடல் வேண்டும். இச்சட்டம் பற்றி அரசியல் மேடைகளில் நிறையப் பேசப்பட்டுள்ளது. ஆயின் அதன் சொல்லமைப்பையும், அச்சொல்லமைப்பு நீதிமன்றத்தில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதையும் நிதானமாக நோக்கும் முயற்சிகள் தமிழிற் குறைவு.

மட்டக்களப்பு வாவிக் கரையிலே தோன்றி, கொழும்பு மேல் நீதிமன்றத்தையும் ஜெனீவாவையும் கடந்து, ஈற்றில் உயர் நீதிமன்றத்திலே முடிவுற்ற ஒரு வழக்கினை மையமாகக் கொண்டு, தேசியப் பாதுகாப்பின் பெயரால் அரசு பெறும் அதிகாரத்துக்கு எல்லை எது என்ற வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அவ்வழக்கு சட்ட உலகில் சிங்கராசா வழக்கு என அறியப்படுவது.

1. வரலாற்றுப் பின்னணி

பாதுகாப்புச் சட்டங்களை இனப்பிரச்சினையின் விளைவாக மட்டும் காண்பது முழுமையான பார்வையாகாது. 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபையிலே, அவ்வாண்டின் பொது வேலைநிறுத்தம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தபோது நிறைவேற்றப்பட்டது. அன்று அதன் இலக்கு இனக்குழு எதுவுமன்று, தொழிலாளி வர்க்கமே. அவசரகால ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை நிறைவேற்றுத் துறைக்கு அளித்த அக்கருவி, பின்னர் 1958 இல் இனக்கலவரத்தின்போதும், 1971 இல் தெற்கில் இளைஞர் கிளர்ச்சியின்போதும் எடுத்தாளப்பட்டது. 1971 கிளர்ச்சியை விசாரிக்க ஏற்படுத்தப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள், பொலிஸாரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்க வழிசெய்தன. சிங்கள கிராமத்து இளைஞர்மீது ஒத்திகை பார்க்கப்பட்ட முறையே எட்டு ஆண்டுகளின் பின் தமிழ் இளைஞர்மீது நிரந்தரமாயிற்று. 1987-89 காலப்பகுதியில் அதே சட்டம் மீண்டும் தெற்கு நோக்கித் திரும்பியது. அடக்குமுறைச் சட்டத்துக்கு இனம் ஒரு வாய்ப்பு. அதிகாரமே அதன் இயல்பு என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட முறையும் மனங்கொள்ளத்தக்கது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்ற உத்தேசிக்கப்பட்ட அவசர சட்டமூலம் என அது முன்வைக்கப்பட்டமையால், அடிப்படை உரிமைகளோடு அது முரண்படுகின்றதா என்ற வினா உயர் நீதிமன்றத்தின் முன் உயிருள்ள வினாவாக எழவில்லை. சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதே எஞ்சி நின்றது. ஒருமுறை நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என 1978 ஆம் ஆண்டு யாப்பின் 80(3) ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆகவே, நுழைவாயிலில் முழுமையாகச் சோதிக்கப்படாத சட்டம், உள்ளே வந்தபின் என்றுமே சோதிக்கப்பட முடியாததாயிற்று. மூன்றாண்டுகளுக்கென்று பிறந்த இச்சட்டத்தின் கால எல்லையை 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அகற்றியது. தலைப்பில் மட்டும் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் நிலைத்துவிட்டன.

2. சட்டத்தின் சொல்லமைப்பு

சட்டத்தின் மூன்று பிரிவுகளை இணைத்து நோக்குமிடத்து அதன் உள்ளமைப்புப் புலனாகும். முதலாவது, 9 ஆம் பிரிவு. ஒருவர் சட்டவிரோதச் செயலில் ஈடுபட்டுள்ளார் என நம்பவோ சந்தேகிக்கவோ அமைச்சருக்குக் காரணமிருப்பின், மும்மூன்று மாதங்களாக, மொத்தம் 18 மாதங்கள் வரை அவரைத் தடுத்துவைக்கக் கட்டளையிடலாம். எவ்விடத்தில், எந்நிபந்தனையில் வைப்பது என்பதும் அமைச்சரின் விருப்பே. அக்கட்டளை இறுதியானது, எந்நீதிமன்றிலும் வினவப்படலாகாது என 10 ஆம் பிரிவு கூறியது.

இரண்டாவது, 16 ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அதனை அளித்தவருக்கு எதிராகச் சான்றாக்கலாம். அது அச்சுறுத்தலாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டது என்று கூறுபவரே அதனை நிரூபித்தல் வேண்டும்.

மூன்றாவது, 26 ஆம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்காகவும் எந்த உத்தியோகத்தர்மீதும் வழக்கிடலாகாது.

இவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நியாயப்படுத்த முயலலாம். மூன்றும் சேரும்போது எழுவது வேறொரு பொருள். நீதிபதியின் பார்வைக்கு அப்பாற்பட்ட இடமும் காலமும் முதலாவது பிரிவால் உண்டாகின்றன. அவ்விடத்தில் பிறக்கும் சொல்லை இரண்டாவது பிரிவு சான்றாக்குகின்றது. அச்சொல் எவ்வாறு பிறந்தது என வினவுவோரின் வாயை மூன்றாவது பிரிவு அடைக்கின்றது.

இதனை 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தோடு ஒப்பிடல் பயனுடைத்து. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றிய அக்கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரிக்கு அளித்த ஒப்புதல் எதனையும் குற்றவாளிக்கு எதிராக நிரூபித்தலாகாது எனத் தடுக்கின்றது. குடியேற்ற ஆட்சியாளர் மனிதாபிமானத்தால் இதனைச் செய்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. தமது பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலங்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்; அவ்வளவே. அந்நியன் தன் பொலிஸ்காரன்மீது வைக்க மறுத்த நம்பிக்கையை, சுதந்திர அரசு 1979 இல் தன் பொலிஸ்காரன்மீது வைத்தது. அந்த நம்பிக்கையின் விலையைக் கைதி செலுத்தினான்.

இச்சட்டம் தனித்துப் பிறந்ததுமன்று. வட அயர்லாந்தில் 1973 ஆம் ஆண்டின் அவசர ஏற்பாடுகள் சட்டம் வாக்குமூலங்களை ஏற்கும் நெறியைத் தளர்த்தியிருந்தது. பிரித்தானியாவின் 1974 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற அதே தலைப்பைத் தாங்கியது. சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழுவுக்காக 1981 இல் இலங்கை பற்றி அறிக்கையிட்ட வேர்ஜீனியா லியரி, இச்சட்டத்தைத் தென்னாபிரிக்காவின் 1967 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தோடு ஒப்பிட்டார். நிறவெறி அரசின் சட்டத்தோடு ஒப்புநோக்கப்படும் நிலையில் ஒரு சனநாயகக் குடியரசின் சட்டம் இருந்தது என்பதே அன்றைய நிலைமைக்குப் போதிய விமர்சனமாகும்.

3. சிங்கராசா வழக்கு: ஒரு கூற்றின் ஆய்வு

வந்தாறுமூலைக்கும் செங்கலடிக்கும் அருகே அமைந்த கொம்மாதுறையில் 1990களில் இராணுவ முகாம் ஒன்று இருந்தது. 1993 ஜூலை 16 அதிகாலையில் நிகழ்ந்த ஒரு சுற்றிவளைப்பில், உறங்கிக்கொண்டிருந்த சிங்கராசா தம் வீட்டிலிருந்து கைதுசெய்யப்பட்டார். அக்கிராமத்தவரான ஆண்கள் ஏறத்தாழ 150 பேர் அன்று அம்முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே தாம் கைகள் கட்டப்பட்டு மாமரத்தில் தொங்கவிடப்பட்டுத் தாக்கப்பட்டதாக அவர் பின்னர் முறையிட்டார். அதன்பின் மட்டக்களப்புப் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டு, 9 ஆம் பிரிவின்கீழ் மாதக்கணக்கிலே தடுத்துவைக்கப்பட்டார். டிசம்பரில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன்னிலையில் ஒரு வாக்குமூலம் பதியப்பட்டது. அவர் தமிழில் மொழிந்தார். கான்ஸ்டபிள் ஒருவர் மொழிபெயர்த்துச் சிங்களத்தில் தட்டச்சுச் செய்தார். விளங்காத மொழியிலமைந்த தாளில் ஒப்பமிட மறுத்தபோது, தம் பெருவிரல் அடையாளம் வலிந்து பதிக்கப்பட்டது என்பது அவர் கூற்று.

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய வடபுல முகாம்களின்மீதான தாக்குதல்களோடு தொடர்புடைய ஐந்து குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நின்றது அந்த ஒரே வாக்குமூலம். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, முதுகில் தழும்புகளையும், நிரந்தரமாகப் பார்வையைப் பாதித்த இடக்கண் வடுவையும் குறிப்பிட்டது. எனினும் வாக்குமூலம் ஏற்கப்பட்டது. 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்து, தண்டனையை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

தமிழ்ப் புலமை மரபு இத்தகைய ஒரு பனுவலை ஆராயக் கருவியற்றதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் செய்யுளுறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பன உள. ஒரு மொழிதல் யாருடையது, யாரை நோக்கியது, எவ்விடத்து, எப்பொழுது, எதன் பொருட்டு என்பவற்றை அறியாது அதன் பொருளைத் துணியலாகாது என்பதே இவற்றின் உட்கிடை. இவ்வுறுப்புகளை அந்த வாக்குமூலத்தின்மீது பொருத்திப் பார்ப்போம்.

களன்: தடுப்புக்காவல், உறவினரும் சட்டத்தரணியும் அற்ற இடம். காலம்: கைதான நாளிலிருந்து ஐந்து மாதங்கள் வரை. கேட்போர்: குற்றத்தைப் புலனாய்வு செய்யும் திணைக்களத்தின் அதிகாரியே. பயன்: கூறுபவனின் தண்டனை. எஞ்சுவது கூற்று. தமிழில் வாய்மொழியாகக் கூறியதாகச் சொல்லப்படுபவர் ஒருவர். சிங்களத்தில் எழுதியவர் மற்றொருவர். வினாக்களை எழுப்பியவரும் எழுதியவரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தோர். சிங்களத் தாளில் 'நான்' எனத் தொடங்கும் வாக்கியத்தின் 'நான்' யார்? எந்தப் பதிப்பாசிரியனும் இத்தகைய பாடத்தை அதன் பெயருக்குரிய ஆசிரியனுடையதாக ஏற்கமாட்டான். மூலப்பாடம் இல்லை, மொழிபெயர்ப்பாளன் நடுவுநிலையாளன் அல்லன், ஆசிரியனெனப்படுபவன் பாடத்தை மறுக்கின்றான். ஏட்டுச்சுவடி ஒன்றின் பாடபேதத்துக்கு நாம் காட்டும் எச்சரிக்கையளவேனும் ஒரு மனிதனின் 35 ஆண்டுகளுக்குக் காட்டப்படவில்லை.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004 ஜூலை 21 அன்று அளித்த கருத்துரை ஏறக்குறைய இம்முடிவுக்கே வந்தது. புலனாய்வில் ஈடுபட்ட கான்ஸ்டபிளே மொழிபெயர்ப்பாளனாக அமைந்தமை நியாயமான விசாரணைக்கு மாறானது எனவும், வாக்குமூலம் தன்விருப்பானது அன்று என நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது ஏற்றியமை குற்றமின்மை ஊகத்துக்கு முரணானது எனவும் குழு கண்டது. விடுதலை அல்லது மறுவிசாரணையும் இழப்பீடும் உள்ளிட்ட பரிகாரம் வழங்குமாறும், குறித்த பிரிவுகளைத் திருத்துமாறும் அரசைக் கேட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. இந்தியாவின் தடாச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, பொலிஸ் கண்காணிப்பாளரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக்கிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 இல் இந்திய உச்ச நீதிமன்றம், அச்செயல் தடாவின் பயங்கரவாதக் குற்றம் ஆகாது எனக் கண்டது. ஆயினும் தடாவின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்துக்குச் சான்றாக ஏற்றது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த முன்னாள் அதிகாரி, தாம் வாங்கிக்கொடுத்த மின்கலங்கள் எதற்கென அவர் அறிந்திருக்கவில்லை என்ற பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக 2013 இல் வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதத்தில்; கைதாகி ஏறத்தாழ 31 ஆண்டுகளின் பின். எழுதுகோல் யார் கையில் இருந்தது என்ற வினா பாக்கு நீரிணையின் இருமருங்கும் ஒன்றே.

4. எல்லை யாருக்கு?

மனித உரிமைகள் குழுவின் கருத்துரையை அடிப்படையாகக் கொண்டு, தம் வழக்கினை மீளாய்வு செய்யுமாறு சிங்கராசா உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2006 செப்டெம்பர் 15 அன்று, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு அதனை நிராகரித்தது. நிராகரித்த காரணமே இங்கு ஆராயற்பாலது.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980 இல் இணைந்தது. தனியாள் முறைப்பாடுகளைக் குழுவுக்கு அனுப்ப இடமளிக்கும் விருப்ப நெறிமுறையில் 1997 இல் இணைந்தது. பின்னைய இணைவு, சட்டவாக்க அதிகாரத்தைச் சனாதிபதி தாமே கையாண்டதும், நீதித்துறை அதிகாரத்தை அக்குழுவுக்கு அளித்ததுமாகும். யாப்பு அவ்வாறு செய்ய அவருக்கு இடமளிக்கவில்லை. ஆகவே அவ்விணைவு உள்நாட்டிலே சட்டவலுவற்றது என நீதிமன்றம் தீர்த்தது.

இத்தீர்ப்பினை வெறுமனே அடக்குமுறைத் தீர்ப்பெனத் தள்ளிவிடலாகாது. இதன் தருக்கம் அரசாங்க அதிகாரத்தின் எல்லை பற்றிய தருக்கமே. நிறைவேற்றுத் துறை தன்னிச்சையாகச் சட்டம் ஆக்கலாகாது என்பது முற்போக்காளர் எவரும் ஏற்கும் நெறி. ஆயின், அந்நெறி எந்த இடத்தில் விழித்தெழுந்தது என்பதே வினா. அமைச்சர் ஒருவர் தம் சந்தேகத்தால் ஒரு மனிதனைப் பதினெட்டு மாதங்கள் அடைத்துவைக்கலாம், அக்கட்டளை இறுதியானது. அங்கே எல்லை வேண்டப்படவில்லை. பொலிஸ் அதிகாரி பதிந்த தாள் நீதிமன்றத்தின் சான்றாகலாம். அங்கும் எல்லை வேண்டப்படவில்லை. குடிமகனுக்கு மேலுமொரு முறையீட்டு வாயிலைத் திறந்தபோதுதான் நிறைவேற்று அதிகாரம் தன் எல்லையை மீறியதாயிற்று. அதிகாரத்தின் எல்லை என்னும் கோட்பாடு, அதிகாரத்தினின்று மனிதனைக் காக்கவே பிறந்தது. இவ்வழக்கில் அது மனிதனினின்று அதிகாரத்தைக் காத்தது.

நம் நாட்டு நீதி வரலாற்றில் இதற்கு மாறான மரபும் உண்டு. 1937 இல், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலியரை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டபோது, பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அவ்வதிகாரம் அவசரநிலைக்கே உரியது எனக் கூறி அவரை விடுவித்தது. குடியேற்ற நாட்டு நீதிமன்றம் ஒன்று, குடியேற்ற ஆட்சியின் தேசாதிபதியிடம் காரணம் கேட்டது. இங்கிலாந்தில் 1941 இல் லிவர்சிட்ஜ் வழக்கில், அமைச்சரின் நம்பிக்கைக்குக் காரணம் உண்டா என நீதிமன்றம் ஆராயலாம் என்று தனித்து நின்று மாறுதீர்ப்பளித்தார் அற்கின் பிரபு. போர்க்காலப் பெரும்பான்மையோர் தவறிழைத்தனர் என்பதைப் பிரபுக்கள் சபை 1979 இல் ஒப்புக்கொண்டது. அவர்கள் கைவிட்ட கோட்பாட்டை நாம் சட்டமாக்கியதும் அதே 1979 இல் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

5. பாதுகாப்பு என்னும் வாதம்

இவ்விடத்து எதிர்வாதம் ஒன்றை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும். அரசுக்கு எதிரான ஆயுத வன்முறை கற்பனையன்று. அதனைத் தடுக்கச் சாதாரண சட்டம் போதாது என்பர். முதற்கூற்று மெய். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் சிறுவர் பலர் உட்பட வழிபட வந்தோரைக் கொன்றான். இவற்றை மறந்து உரிமை பேசுவோரின் பேச்சு இவ்வாவிக்கரை மக்களிடம் எடுபடாது.

ஆயின் இரண்டாம் கூற்று இதனின்று பெறப்படவில்லை. 2019 இல் அரசிடம் நாற்பதாண்டுப் பழைமையான பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கையும் அதன் கையில் இருந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்புத் துறை உயர்நிலையினரும் தம் கடமையில் தவறி மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் எனத் தீர்த்து, இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. சீயோனில் இறந்தோரைக் காக்க அரசுக்கு இல்லாதுபோனது அதிகாரமன்று, பொறுப்பு. அமைச்சரின் கட்டளை வினாவுக்கு அப்பாற்பட்டதாயிருக்கும் ஆட்சியில், அமைச்சரும் அதிகாரியும் தம் கடமையைச் செய்தனரா என்ற வினாவும் காலந்தாழ்த்தியே எழும். கட்டற்ற அதிகாரமும் பொறுப்பற்ற நிர்வாகமும் ஒரே நிலத்தில் விளைபவை.

அதற்குப் பின் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அத்தாக்குதலைத் தொடர்ந்து இச்சட்டம் முஸ்லிம் மக்கள்மீது பரவலாகப் பாய்ந்தது. 2020 மே 16 அன்று, மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் கைதுசெய்யப்பட்டார். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கின்றது எனக் கூறப்பட்டது. 2021 டிசம்பரில் பிணை பெற்ற அவரை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ் வாய்மொழியைச் சிங்களத் தட்டச்சுத் தாளாக்கிய அதே பொருள்கோள் முறை, இம்முறை அச்சான கவிதையின்மீது தொழிற்பட்டது. 2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் இறந்தோரை நினைவுகூர்ந்த பத்துப் பேர் இதே சட்டத்தின்கீழ்க் கைதாகி, ஏறக்குறைய ஏழு மாதங்களின் பின்னரே பிணையில் வெளிவந்தனர். விளக்கேற்றியதும் கவிதை எழுதியதும் பயங்கரவாதமெனப் படிக்கப்படக் கூடுமாயின், அச்சொல்லின் வரைவிலக்கணம் எதனையும் வரையறுக்கவில்லை என்பதே பொருள்.

6. திருத்தங்களும் அளவுகோலும்

2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. நீதவான் தடுப்பிடத்துக்குச் சென்று கைதியைப் பார்க்க வழிசெய்தது. பிணை பெறும் வழியையும் ஓரளவு திறந்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் 16 ஆம் பிரிவு அவ்வாறே விடப்பட்டது. அதாவது, களனும் காலமும் சிறிது மாறின, கூற்று மாறவில்லை. சிங்கராசா வழக்கு 2022 இன் பின் எழுந்திருப்பினும், வாக்குமூலத்தை மறுக்கும் சுமை அவர்மீதே இருந்திருக்கும். 2018 இலும் 2023 இலும் முன்வைக்கப்பட்ட மாற்றுச் சட்டமூலங்கள் சட்டமாகவில்லை.

பழைய சட்டத்துக்குப் பதிலாக எப்பெயரில் எச்சட்டம் வரினும், அதனை மதிப்பிட நான்கு வினாக்கள் போதும். தடுத்துவைக்கும் கட்டளைக்கு உரிய காரணத்தை நீதிபதி உடனடியாக ஆராயலாமா? பொலிஸாரிடம் கூறியதாகச் சொல்லப்படும் சொல், 1895 இல் இருந்தது போல், நீதிமன்ற வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றதா? கைதியின் மொழியிலேயே, அவர் நம்பும் ஒருவரின் முன்னிலையிலேயே விசாரணை நிகழ்கின்றதா? அதிகாரத்தைத் தவறாகக் கையாண்டோர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க வேண்டுமா? இந்நான்கில் ஒன்றுக்கேனும் 'இல்லை' என விடை வரின், தலைப்பு மாறியதன்றிச் சட்டம் மாறவில்லை என்று துணியலாம்.

இவ்வளவுகோல் அரசுக்கு மட்டும் உரியதுமன்று. படுவான்கரை விடுதலைப் புலிகளின் ஆதிக்கத்தில் இருந்த காலத்தில், அவர்களும் சட்டமும் சிறையும் நீதிமன்றமும் நடத்தினர். துரோகி என்ற ஒரு சொல்லே தீர்ப்பாகவும் தண்டனையாகவும் அமைந்த நிகழ்ச்சிகளை எம்மக்கள் அறிவர். கேளாது தண்டிக்கும் அதிகாரத்தை எதிரியிடம் காணும்போது மட்டும் கண்டிப்பது திறனாய்வாகாது. அது கட்சிப் பேச்சு.

7. முடிவுரை

விசாரணையின்றித் தண்டித்தல் அநீதி என்ற உணர்வு மேனாட்டுச் சட்ட நூல்களிலிருந்து நமக்கு இறக்குமதியானதன்று. மட்டக்களப்பின் கண்ணகி கோயில்களிலே, செட்டிபாளையத்திலும் வந்தாறுமூலையிலும் பிற ஊர்களிலும், வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் நூலின் பெயர் கண்ணகி வழக்குரை. அதனை 1968 இல் வித்துவான் வி. சீ. கந்தையா பதிப்பித்து ஆய்வுலகுக்கு அளித்தார். பத்தினியின் வரலாறு முழுவதையும் பாடும் அந்நூலுக்கு, அரசவையில் அவள் வழக்குரைத்த செயலையே பெயராகச் சூட்டியுள்ளது இப்பிரதேச மரபு. பாண்டியன் கொடியவனாகப் படைக்கப்படவில்லை. ஒருவனின் சொல்லை நம்பினான். மற்றவனைக் கேளாது விட்டான். அதுவே அவன் குற்றம். வாயிலில் வந்து நின்ற பெண்ணை உள்ளே அழைத்து அவள் வழக்கைக் கேட்டதும், தவறென்று கண்டவுடன் அதனை ஏற்றதும் அவன் சிறப்பு.

கண்ணகிக்கு அரசவையின் வாயில் திறந்தது. கொம்மாதுறையில் கைதானவருக்கு மூன்று நீதிமன்றங்களின் வாயில்களும் திறந்தனவாயினும், உள்ளே அவருக்கு முன்பாக அவர் பெயரிலான தாள் வந்து அமர்ந்திருந்தது. அத்தாளையே மன்றம் கேட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு நீங்கவேண்டும் என்ற கோரிக்கையைச் சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரிய நுணுக்கப் பிரச்சினையாக விட்டுவிடலாகாது. சொல் யாருடையது என்று கேட்பதையே தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறைகளும் அக்கோரிக்கையின் பக்கம் நின்று பேசுதல் வேண்டும். வழக்குப் பதிவேடுகளில் உள்ள வாக்குமூலங்களையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் முறையாக ஒப்புநோக்கும் ஆய்வு ஒன்றினைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் சட்டத்துறையும் இணைந்து மேற்கொள்ளுமாயின், அது இத்துறையில் மிகவும் பயனுள்ள பணியாக அமையும்.